பழைய பெல்ட் ஹார்லியில் 150 பின் டயர்: பெல்ட்டில் உரசாமல் போட வழி உண்டா?

ஸ்காபரோ_94 (டொரொன்டோ) · 15.09.2024

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1994 ஹெரிடேஜ் சாஃப்டெய்ல் கிளாசிக். 1340 சிசி எவோ எஞ்சின், ஐந்து கியர், ஸ்போக் சக்கரம், பின்னால் 16 இஞ்சி விட்டத்தில் 3.00 அகல ரிம். கம்பெனி ரயர் அளவு எம்.டி.90-16, அதாவது 130/90-16 (அகலம் 130 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 16 இஞ்சி). அந்தப் பெரிய மட்கார்ட்டுக்குள் ரயர் ஒல்லியாகத் தெரிகிறது என்பது வாங்கிய நாளிலிருந்தே எனக்கு ஒரு குறை. அதோடு மழையில் பின்பக்கம் கொஞ்சம் வழுக்குகிற மாதிரியும் இருந்தது.

ஓகஸ்டில் ஒரு ரயர் கடையில் கேட்டேன். 150/80-16 தாராளமாக நிற்கும், பல பேருக்குப் போட்டிருக்கிறோம் என்றார்கள். போட்டார்கள். கடை வாசலிலேயே சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன், எதுவும் தொடவில்லை. முந்தாநாள் 13ஆம் திகதி வெள்ளிக்கிழமை. அந்த நாளில் பைக்காரர்கள் கூடும் போர்ட் டோவர் ஊருக்குப் போய் வந்தேன். வீட்டுக்கு வந்து வண்டியைத் துடைக்கும்போது பார்த்தால் ஸ்விங் ஆர்மின் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) இடப்பக்கம் முழுக்கக் கறுப்பு ரப்பர் தூள். பெல்ட்டின் உள் ஓரத்தில் விரலை வைத்தால் மஞ்சள் நூல் பிசிறு பிசிறாக வருகிறது. ரயரின் இடது பக்கச் சுவரில் கிட்டத்தட்ட 2 செ.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் மினுமினுவென்று தேய்ந்திருக்கிறது.

கடையில் கேட்டதற்கு பெல்ட் கொஞ்சம் தேய்ந்து தன் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 150ஐ வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா, இல்லை 130க்கே திரும்பவா?

கிள்ளான்_பட்டறை (மலேசியா) · 15.09.2024

தம்பி, முதல் வேலை வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள். பெல்ட் தேய்ந்து இடம் எடுத்துக்கொள்ளும் என்பது தவறு. அந்த மஞ்சள் நூல்தான் பெல்ட்டின் உயிர். இழுவையெல்லாம் அராமிட் நூலில்தான் நிற்கிறது, மேலே இருக்கிற ரப்பரும் பல்லும் அதற்குச் சட்டை மாதிரி. ஓர நூல் அறுந்தால் பெல்ட்டின் இரண்டு பக்கமும் ஒரே இழுவை இருக்காது, பெல்ட் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பிக்கும். நடந்தால் இன்னும் உரசும். ஒருநாள் சாலை நடுவில் கழன்று பின் சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அளவுக்கு வருவோம். 130ஐ எடுத்து 150 போட்டால் 20 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு 10. வலப்பக்கம் பிரேக் இருக்கிறது, அங்கே இடம் உண்டு. பிரச்சினை முழுவதும் இடப்பக்கம்தான். உங்கள் வண்டியில் பெல்ட் ஒன்றரை இன்ச், 38.1 மி.மீ. இவ்வளவு அகலப் பெல்ட்டை வைத்து அந்தக் காலத்தில் வரைந்தபோது 130க்குத்தான் இடம் விட்டார்கள்.

எங்கே உரசுகிறது என்று பலருக்குத் தெரியாது, புல்லியையே (பெல்ட் ஓடும் பல் சக்கரம்) குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின் புல்லிக்கு 70 பல், ஒவ்வொன்றும் 14 மி.மீ. கணக்குப் போட்டால் விட்டம் 312 மி.மீ. வரும். ரிம்மை விடச் சிறியது, அதனால் புல்லி இருக்கும் இடத்தில் டயர் தொடவே முடியாது. டயரின் தொப்பை இருப்பது அச்சிலிருந்து ஏறத்தாழ 26 செ.மீ. தள்ளி. பெல்ட் புல்லியை விட்டு முன்னால் போகும்போது அந்தத் தொப்பையை வெட்டிக்கொண்டு போகிறது பாருங்கள், அங்கேதான் ஆபத்து. அச்சிலிருந்து ஒரு சாண் முன்னால், மேல் பெல்ட்டில் ஒரு இடம், கீழ் பெல்ட்டில் ஒரு இடம். அந்த இரண்டு இடத்தையும் அளந்து எழுதுங்கள். ட்ரில் பிட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போகிற பெரிய பிட் எதுவோ அதுதான் இடைவெளி.

இன்னொன்று. கழற்றிய பழைய டயர் இருக்கிறதா? அதன் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். அதையும் எழுதுங்கள்.

செயின்_விரும்பி (டோர்ட்முண்ட்) · 16.09.2024

நான் இதே சிக்கலில் இருந்து வெளியே வந்தவன். என் வழி செயின். 530 செயினின் முழு அகலம் 22 முதல் 24 மி.மீ. உங்கள் பெல்ட் 38. ஒரே அடியில் 14 மி.மீ. மிச்சம். அறுந்தாலும் வீதியோரத்தில் ஒரு இணைப்புக் கண்ணியைப் போட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பெல்ட் அறுந்தால் லொறி கூப்பிட வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் போட வேண்டும், பின் ரிம்மில் கறுப்புப் பொட்டு விழும், சத்தம் உண்டு. கியரை விட்டு அக்சலரேட்டரைத் திருப்பும்போது பெல்ட்டில் இருந்த மிருது இருக்காது. இங்கே ஜெர்மனியில் வண்டியின் பத்திரத்தில் இல்லாத ரயர் அளவு போட்டால் பரிசோதகரிடம் காட்டிப் பத்திரத்தில் ஏற்ற வேண்டும். அந்தப் பரிசோதகர் முதலில் குனிந்து பார்ப்பது இடைவெளியைத்தான். ஆகவே கிள்ளான் அண்ணை சொன்ன இரண்டு இடங்களும் எனக்கு மனப்பாடம்.

அடையாறு_883 (சென்னை) · 16.09.2024

ஒரு தகவல். என் அயர்ன் 883இல் கம்பெனியே 150/80-16 டயரை 3.00 ரிம்மில்தான் போட்டுத் தந்தது. ஆக, 3.00 ரிம்மில் 150 உட்காராது என்று இங்கே யாராவது சொல்ல வந்தால் அது முழு உண்மை இல்லை. ஆனால் அது அந்த வண்டிக்கென்று ஒப்புக்கொண்ட டயர். எல்லா 150ம் 3.00க்கு ஒத்துவராது. சில டயர்களுக்கு 3.50 முதல்தான் என்று தயாரிப்பாளரே போட்டிருப்பார். வாங்கும் முன் அந்த அட்டவணையைப் பாருங்கள்.

கேட்காமல் இருக்க முடியவில்லை, ஒரு சந்தேகம்: என் வண்டியில் 180 போட முடியுமா?

கிள்ளான்_பட்டறை · 16.09.2024

883 தம்பி, ஸ்விங் ஆர்மை மாற்றாமல் 180 வேண்டாம். உங்கள் வண்டி ஏற்கெனவே தன் இடத்தை முழுவதும் பயன்படுத்திக்கொண்டுதான் 150 போட்டிருக்கிறது. அகல ரிம், புது ஸ்விங் ஆர்ம், புல்லியை வெளியே தள்ளும் வேலை, எல்லாம் சேர்ந்தால் அது வேறு வண்டி.

அடையாறு_883 · 16.09.2024

புரிந்தது அண்ணே, விட்டுவிட்டேன். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் எடுத்து நீட்டுவார்.

மெல்பர்ன்_மழை · 17.09.2024

என்னிடம் 1991 சாஃப்டெய்ல் இருக்கிறது. முந்தைய உரிமையாளரே ஒல்லி பெல்ட் போட்டு 150 ஏற்றியிருந்தார். இரண்டு வருடம் அப்படியே ஓட்டிவிட்டு 130க்குத் திரும்பினேன். காரணத்தைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

டயர் அகலமானால் சாயும்போது சாலையைத் தொடும் இடம் நடுவிலிருந்து இன்னும் தள்ளிப் போகிறது. அதே வளைவை அதே வேகத்தில் எடுக்கக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்க்க வேண்டும். சாஃப்டெய்லில் ஃபுட்போர்டு ஏற்கெனவே சீக்கிரம் தரையைத் தொடும், அதனால் இது சின்ன விஷயம் இல்லை. அடுத்தது இந்த ஊர் டிராம் தண்டவாளம். ஈரத் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்போது 130 ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடும். 150 ஒரு கணம் அதோடு சேர்ந்து போகப் பார்க்கும். அந்த ஒரு கணத்தில் வயிறு இறுகும். பழகிவிடலாம்தான், நான் பழக விரும்பவில்லை.

அகல டயர் என்றால் பிடிப்பு அதிகம் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அதே எடை, அதே காற்று என்றால் தரையைத் தொடும் பரப்பு பெரிதாகக் கூடாது. அகலம் கூடி நீளம் குறையும். பிடிப்பைத் தருவது பெரும்பாலும் ரப்பர். மழையில் வழுக்கியது என்று எழுதியிருந்தீர்கள், அந்தப் பழைய டயர் எத்தனை வயது?

ஸ்காபரோ_94 · 18.09.2024

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு கராஜில் இரண்டு மணித்தியாலம் படுத்துக் கிடந்து அளந்தேன்.

150 ரயரின் உண்மையான அகலம் வெர்னியரில் 146 மி.மீ. பெல்ட்டுக்கு இடைவெளி மேலே 2.5, கீழே 2. அண்ணை சொன்ன அதே ஒரு சாண் தூரத்தில்தான் தேய்ந்த தடமும் இருக்கிறது, விரலை வைத்தால் தெளிவாகத் தெரிகிற மாதிரி. பழைய 130 ரயரை உருட்டிக்கொண்டு வந்து அளந்தேன், 128. ஆக முன்பு இடைவெளி 11 மி.மீ. அளவு இருந்திருக்க வேண்டும்.

நான்கு இலக்கம் 1411.

கிள்ளான்_பட்டறை · 18.09.2024

1411 என்றால் 2011ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். பதின்மூன்று வயது டயர் தம்பி. கோடு ஆழமாக இருந்திருக்கும், பார்க்க நன்றாகவும் இருந்திருக்கும். ரப்பர் கட்டையாகிவிட்டது. மழையில் வழுக்கியது 130 என்பதால் அல்ல. நல்ல புது 130 போட்டிருந்தாலே அந்தக் குறை போயிருக்கும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அகலம் வேண்டும் என்றால் அழகுக்காக வேண்டும் என்று முடிவெடுங்கள். அழகுக்காக வேண்டும் என்பதில் ஒரு தவறும் இல்லை, வண்டி உங்களுடையது. காரணம் எது என்று தெரிந்து செய்யுங்கள்.

இடைவெளி 2 மி.மீ. என்பது நிற்கும்போது. ஓடும்போது டயர் சூட்டிலும் வேகத்திலும் விரியும், பயஸ் டயர் ரேடியலை விட அதிகமாக விரியும். வளைவில் பக்கச் சுவர் மடங்கும். ஆக்சிலரேட்டரை மூடும்போது கீழ் பெல்ட் தளர்ந்து ஆடும். என் பட்டறையில் நிற்கும்போது 8 மி.மீ. இல்லையென்றால் வண்டியை வெளியே விட மாட்டேன். புத்தகத்தில் இருக்கிற எண் இல்லை இது, என் கை கண்ட எண்.

மிசிசாகா_ஸ்போக் · 19.09.2024

நான் சக்கரம் பின்னுகிறவன். வார்ப்புச் சக்கரமாக இருந்தால் வாய் திறக்க மாட்டேன், உங்களுடையது ஸ்போக். இடப்பக்க ஸ்போக்குகளைத் தளர்த்தி வலப்பக்கத்தை இறுக்கினால் ரிம்மை ஹப்பின் மேல் வலப்பக்கமாக 2, 3 மி.மீ. இழுத்துவிடலாம். புல்லி இருந்த இடத்திலேயே இருக்கும், டயர் மட்டும் நகரும். அச்சில் ஸ்பேசர் மாற்றினால் அது நடக்காது, புல்லியும் கூடவே போகும்.

செயின்_விரும்பி · 19.09.2024

முன் ரயரும் பின் ரயரும் ஒரே கோட்டில் இருக்க வேண்டாமா?

மிசிசாகா_ஸ்போக் · 19.09.2024

2 மி.மீ. நகர்ந்தால், ஹேண்டில்பாரிலிருந்து கையை விட்டாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்காது. 6, 7 என்று போனால் நானே மறுப்பேன். ஸ்போக்கின் நீளமும் அதற்கு மேல் விடாது, ஒரு பக்கம் மரை போதாமல் போகும், மறுபக்கம் ஸ்போக் முனை டியூபைக் குத்தும். டியூப் என்றதும் நினைவுக்கு வருகிறது, இந்த ஸ்போக் சக்கரத்துக்கு டியூப் கட்டாயம். 150 போட்டபோது கடையில் 150க்கான டியூப் போட்டார்களா, இல்லை பழைய 130 டியூபையே உள்ளே தள்ளினார்களா? சின்ன டியூப் பெரிய டயரில் இழுபட்டு மெலிந்து நிற்கும். கழற்றும்போது அதையும் பாருங்கள்.

நெடும்பயணி (ஹூஸ்டன்) · 20.09.2024

எல்லோரும் 150 பற்றியே பேசுகிறீர்கள். நடுவில் 140/90-16 ஒன்று இருக்கிறதே? பக்கத்துக்கு 5 மி.மீ. தான் கூடும். பெல்ட், புல்லி எதையும் தொட வேண்டாம்.

கிள்ளான்_பட்டறை · 20.09.2024

பலர் போட்டு ஓடுகிறார்கள், உண்மை. ஆனால் 90 என்ற எண்ணைக் கவனியுங்கள். 130/90இன் உயரம் 640 மி.மீ., 150/80இன் உயரம் 646, 140/90 எடுத்தால் 658. அகலத்தில் சின்னது, உயரத்தில் பெரியது. மட்கார்டுக்கும் முன்னால் ஸ்விங் ஆர்மின் குறுக்குக் குழாய்க்கும் 9 மி.மீ. நெருங்கிவிடும். சாஃப்டெய்ல் மட்கார்டின் உள்பக்கம் டெயில் லைட்டுக்குப் போகிற வயரும் அதன் கிளிப்பும் இருக்கும். இருவர் ஏறி ஒரு குழியில் இறங்கினால் டயர் அதைத்தான் முதலில் தேடும். போடுகிறவர்கள் வயரை இறுக்கமாக ஒட்டி, போல்ட் தலைகளைத் தட்டையாக மாற்றிவிட்டுப் போடுங்கள்.

சரி, ஸ்காபரோ தம்பியின் விஷயம் வேறு. அவருடைய பெல்ட் எப்படியும் போய்விட்டது. புது டயர் எதுவானாலும் பெல்ட் மாற்றியே ஆக வேண்டும். இந்த வண்டியில் பெல்ட் என்பது முடிவில்லாத வளையம், செயின் மாதிரி வெட்டி ஒட்ட முடியாது. பிரைமரி (எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்குச் சுழற்சி போகும் பகுதி) ஆயிலை வடித்து, வெளி மூடி, கிளட்ச், பிரைமரி செயின், உள் மூடி எல்லாம் கழற்றி, ஸ்விங் ஆர்மையும் தளர்த்தினால்தான் பழைய பெல்ட் வெளியே வரும். அவ்வளவு தூரம் திறந்த பிறகு கியர்பாக்ஸ் புல்லி கண் முன்னால் நிற்கும். ஒல்லி பெல்ட்டுக்கு மாற நினைத்தால் அதுதான் நேரம்.

ஸ்காபரோ_94 · 21.09.2024

ஒல்லி பெல்ட் தாங்குமா அண்ணை? 38ஐ எடுத்துவிட்டு 28.6 போடுவது என்றால் கால் பங்கு குறைகிறதே.

கிள்ளான்_பட்டறை · 21.09.2024

நல்ல கேள்வி. ஹார்லி 1980இல் ஸ்டர்ஜிஸ் மாடலில் பிரைமரிக்கும் பின் சக்கரத்துக்கும் பெல்ட் போட்டபோது நம்பியவர்கள் குறைவு. அந்தக் காலத்து நூலுக்கு அகலம் தேவைப்பட்டது. பிறகு நூல் தேறியது. 2000இல் ட்வின் கேம் சாஃப்டெய்ல் வந்தபோது எஞ்சின் 1450 சிசி ஆனது, பெல்ட் 28.6 மி.மீ. ஆகக் குறைந்தது. பின்னால் 200 டயர் வந்த சாஃப்டெய்ல்களில் இன்னும் ஒல்லி. எஞ்சின் பெரிதாகப் பெரிதாகப் பெல்ட் ஒல்லியாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே உங்கள் 1340க்கு 28.6 தாங்கும், பெல்ட்டை மடக்காமல் கையாண்டால். புது பெல்ட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும்போது சின்ன வளையமாகச் சுருட்டிக் கட்டுகிறார்கள், அல்லது பல் வெளியே வரும்படி புரட்டுகிறார்கள். உள்ளே நூல் அங்கேயே முறிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. முன் புல்லியின் வட்டத்தை விடச் சின்னதாக ஒருபோதும் வளைக்காதீர்கள்.

இப்போது மிக முக்கியமான விஷயம். 38.1இலிருந்து 28.6ஐக் கழித்தால் 9.5 மி.மீ. இந்த 9.5 எந்தப் பக்கத்தில் குறைகிறது? டயர் பக்கத்தில் குறைந்தால் உங்களுக்கு லாபம். வெளிப்பக்கத்தில் குறைந்தால் ஒரு மில்லிமீட்டர் கூட லாபம் இல்லை. நடுவில் குறைந்தால் பாதி. புல்லி எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. பழைய பின் புல்லியை மேசையில் வைத்து, ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து பல்லின் உள் ஓரம் வரை எத்தனை மி.மீ. என்று அளந்துகொள்ளுங்கள். விற்கிறவரிடம் புதியதில் அதே அளவைக் கேளுங்கள். முன் புல்லியும் அதே அளவு வெளியே தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் பெல்ட் கோணலாக ஓடும். அளவு சொல்ல மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

செயின்_விரும்பி · 22.09.2024

இந்த விளக்கத்துக்கு நன்றி அண்ணை. நான் செயினுக்குப் போகும் முன் இதைப் படித்திருந்தால் பெல்ட்டிலேயே நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஸ்காபரோ_94 · 02.12.2024

பனி விழுந்துவிட்டது, வண்டி ஸ்டாண்டில் ஏறிவிட்டது. இடையில் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒல்லி பெல்ட்டும் புல்லிகளும் சேர்ந்த, விலை குறைவாக இருந்த ஒரு கிட்டைப் பார்த்தேன். விற்கிறவரிடம் அளவு கேட்டு எழுதினேன். இரண்டு நாளில் ஸ்கேல் வைத்துப் படம் அனுப்பினார். என் பழைய புல்லியோடு ஒப்பிட்டால் உள் பக்கம் 5 மி.மீ. தான் லாபம். 2ஐயும் 5ஐயும் கூட்டினால் 7. அண்ணையின் 8க்கு ஒன்று குறைவு. மிசிசாகா அண்ணா 2 மி.மீ. இழுத்துத் தருகிறேன் என்றார், மனம் அங்கே போனது. பிறகு இன்னொரு கிட் கிடைத்தது, அதில் 9 மி.மீ. உள் பக்கமே. விலை ஒன்றரை மடங்கு. மெல்பர்ன் அக்கா எழுதியதையும் மூன்று நான்கு தடவை வாசித்தேன். வெறும் 130க்கே போகலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் அழகுக்காகத்தான் வேண்டும் என்று எனக்கே நான் ஒப்புக்கொண்டு இரண்டாவது கிட்டை வாங்கினேன்.

பிரைமரியைத் திறந்தாயிற்று. கிளட்ச் நட்டும் கியர்பாக்ஸ் புல்லி நட்டும் இடது மரை என்று மேனுவலில் வாசித்திருந்தும் முதல் தடவை கை பழக்கத்தில் இறுக்கும் பக்கமே திருப்பினது. நல்லவேளை, நீளக் கைப்பிடி ஸ்பானரை எடுக்கும் முன்பே நினைவு வந்தது. சக்கரத்தின் பழைய டியூபைப் பார்த்தேன். மிசிசாகா அண்ணா சொன்னது சரி, 130 டியூப்தான் உள்ளே இருந்தது. ரயரை எடுத்ததும் வெளியே வந்து பலூன் மாதிரிச் சுருங்கியது. வால்வு அடியில் ரப்பர் கடதாசி போல மெலிந்திருந்தது.

பழைய பெல்ட்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உள் ஓரத்தில் நூல்கள் வரிசையாக அறுந்து, ஏழெட்டுப் பல்லின் நுனியில் வெடிப்பு. அதோடுதான் 401 நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேகத்தில் வந்திருக்கிறேன்.

மிசிசாகா_ஸ்போக் · 02.12.2024

சக்கரம் கையில் இருக்கும்போதே பேரிங்கையும் பாருங்கள். 1999 வரை இந்த வண்டிகளில் டேப்பர் ரோலர் பேரிங். நடுவில் இருக்கிற ஸ்பேசர் அளவு மாறினால் அச்சின் ஆட்டம் மாறும். கிரீஸ் வைத்து, டயல் கேஜ் போட்டு மேனுவல் சொல்லும் அளவுக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

மெல்பர்ன்_மழை · 03.12.2024

நன்றாக யோசித்துச் செய்திருக்கிறீர்கள். ஒரு கோரிக்கை, புது 150 வாங்கும்போது பாரக் குறியீட்டையும் பாருங்கள். அகலம் கூடினால் பாரமும் கூடுதலாகத் தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அதே 150/80-16இல் 71 என்று ஒன்று வரும், 77 என்று ஒன்று வரும். 71 என்றால் 345 கிலோ, 77 என்றால் 412. உங்கள் வண்டி கனமானது, பின்னால் ஆள் ஏற்றுவீர்கள், பெட்டியும் இருக்கிறது.

ஸ்காபரோ_94 · 09.03.2025

77 போட்டேன் அக்கா, 3.00 ரிம்முக்கு ஒப்புதல் உள்ள ரயர்தான். 150க்கான டியூப் தனியாக வாங்கினேன்.

எல்லாம் ஏற்றி, அச்சை இருபுறமும் ஸ்விங் ஆர்ம் மையத்திலிருந்து கம்பி வளைத்து அளந்து சமப்படுத்தி, பெல்ட் இழுவையை 10 பவுண்ட் கேஜால் மேனுவல் சொன்ன அளவுக்கு வைத்தாயிற்று. இடைவெளி மேலே 11, கீழே 10.5. ட்ரில் பிட் தானாக உள்ளே போனபோது வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

கிள்ளான்_பட்டறை · 09.03.2025

மகிழ்ச்சி தம்பி. இன்னும் ஒரு வேலை. வெள்ளை பெயிண்ட் பேனா வாங்கி பெல்ட்டின் உள் ஓரத்தில் ஒரு முழம் நீளத்துக்குக் கோடு போடுங்கள். டயரின் இடது தோள்பட்டையிலும் நான்கு இடத்தில் குறுக்குக் கோடு. 500 கி.மீ. ஓட்டிவிட்டு அந்தக் கோடுகளைப் பாருங்கள். ஆளையும் சாமானையும் ஏற்றி ஒரு தடவை, தனியாக ஒரு தடவை. புது பெல்ட் முதலில் கொஞ்சம் உட்காரும், இழுவையை மறுபடி பாருங்கள்.

ஸ்காபரோ_94 · 15.06.2025

அண்ணை, 13ஆம் திகதி வெள்ளிக்கிழமை மறுபடியும் போர்ட் டோவர் போனேன், இந்தத் தடவை மனைவியும் பின்னால். அதோடு சேர்த்து இதுவரை 640 கி.மீ.

பெல்ட்டின் வெள்ளைக் கோடு போட்டபடியே இருக்கிறது. ஆனால் ரயரில் போட்ட நான்கு குறுக்குக் கோட்டிலும் வெளி நுனி ஒரே அளவில் அழிந்திருந்தது. பெல்ட் இல்லாமல் வேறு எது என்று ரோர்ச் அடித்துத் தேடினேன். கீழ் பெல்ட் காப்புத் தகட்டின் போல்ட் தலை, ரயர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. இருவர் ஏறினால் மட்டும் தொட்டிருக்க வேண்டும்.

கிள்ளான்_பட்டறை · 15.06.2025

அதேதான். அந்தப் போல்ட்டை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தட்டைத் தலை போல்ட் போட்டு, நட்டை வெளிப்பக்கம் வரும்படி திருப்பி மாட்டுங்கள். மரைப் பசை ஒரு சொட்டு.

ஸ்காபரோ_94 · 16.06.2025

மாற்றிவிட்டேன். கோடுகளையும் புதிதாகப் போட்டிருக்கிறேன். இப்போது அந்தப் போல்ட்டுக்கும் ரயருக்கும் 9 மி.மீ.